வாத வலிக்கு அஞ்சல்வழி மருந்து: விளம்பரத் தமிழில் நோய்ப்பெயரும் வினைமுற்றும்

1. முன்னுரை

வாத வலிக்கான தைலமும் சூரணமும் லேகியமும் அஞ்சல்வழி விற்கப்படுவது இந்தியாவில் நெடுநாளைய வழக்கமாகும். பொருளைப் பெறுபவரிடம் விலையை வசூலித்து விற்பவருக்கு அனுப்பும் வி.பி.பி. முறையை இந்திய அஞ்சல் துறை 1877இல் தொடங்கியது. இதழ் விளம்பரமும் வி.பி.பி.யும் இணைந்தபோது, ஊர்க்கடையின் துணையின்றியே ஒரு மருந்து நாடெங்கும் செல்ல வழி பிறந்தது. மருந்து வணிகமும் இதழியலும் ஒருவர் கையிலேயே அமைந்ததும் உண்டு. 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் வலிநீக்கித் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், 1908இல் ஆந்திர பத்திரிகா இதழையும் தொடங்கினார்.

கடையில் மருந்து வாங்குபவர் விற்பவரை வினவலாம். மருத்துவரிடம் செல்பவர் தம் உடலைக் காட்டலாம். அஞ்சல்வழி வாங்குபவருக்கு இவ்விரண்டும் இல்லை. வி.பி.பி. முறையில் பணத்தைச் செலுத்திய பின்னரே பொதி கைக்கு வரும். ஆகவே, வாங்குவதா வேண்டாவா என்னும் முடிவு முழுவதும் விளம்பரத்தின் சொற்களையே சார்ந்து நின்றது. வாங்குமிடம் அஞ்சலட்டையிலிருந்து கணினித் திரைக்கு மாறிய இந்நாளிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

அச்சொற்களை மொழியியல் நோக்கில் ஆராய்வதும், அவற்றை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நோய்ப்பெயர், வினைமுற்று, அளவை அடை, பொருட்பெயர் என்னும் நான்கு நிலைகளில் ஆய்வு அமைகிறது. கீழே எடுத்தாளப்படும் தொடர்கள் இவ்வகை விளம்பரங்களின் பொதுவழக்கை ஒட்டி அமைக்கப்பட்ட மாதிரித் தொடர்களே. எந்த ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தையும் சுட்டுவன அல்ல.

2. நோய்ப்பெயர்: வாதம் என்னும் சொல்லின் பரப்பு

வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கோட்பாடு ஆயுர்வேதத்திற்கும் சித்த மருத்துவத்திற்கும் பொதுவானது. இவற்றுள் முதலாவதைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் ‘வளி’ என்னும் தமிழ்ச்சொல்லால் சுட்டுகிறது. பிற்கால மருத்துவ நூல்களில் வடமொழி வழிவந்த ‘வாதம்’ என்பதே நிலைபெற்றது. சித்த மருத்துவ மரபு வாத நோய்களை எண்பது என வகுத்துரைக்கும். இவ்வெண்பதனுள் மூட்டு நோய்களும் உண்டு. நரம்பு நோய்களும் உண்டு. உடல் இயக்கம் கெடும் பிற நோய்களும் உண்டு. எனவே, மரபில் வாதம் என்பது ஒரு நோயின் பெயரன்று. நோய்களின் காரணத்தைக் கொண்டு அமைந்த வகைப்பெயராகும்.

இன்றைய பொதுவழக்கில் இச்சொல் கூட்டுச்சொற்களின் ஈற்றுறுப்பாக நின்று, தம்முள் தொடர்பற்ற பல நோய்களைக் குறிக்கிறது. மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவதாலோ அங்குக் குருதி கசிவதாலோ ஒரு பக்கம் செயலிழப்பது பக்கவாதம். போலியோ வைரசால் வருவது இளம்பிள்ளை வாதம். முக நரம்பு செயலிழப்பது முகவாதம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவது முடக்குவாதம். கீல்வாதம் என்பதோ நிலைபெறாத சொல். சிலர் இதனை யூரிக் அமிலப் படிகங்களால் வரும் மூட்டுநோய்க்கும், வேறு சிலர் எல்லா மூட்டழற்சிக்கும் வழங்குகின்றனர்.

இதனோடு ‘வாயு’, ‘வாய்வு’ என்னும் வழக்குகளையும் எண்ணுதல் வேண்டும். தசையில் ஏற்படும் திடீர் வலி ‘வாயுப் பிடிப்பு’ எனப்படுகிறது. வயிற்றுப் பொருமல் ‘வாய்வுத் தொல்லை’ எனப்படுகிறது. வயிற்றுக்கும் மூட்டுக்கும் ஒரே லேகியம் எனக் கூறும் விளம்பரத்தை வாசகர் எளிதில் ஏற்பதற்கு இச்சொல்லொற்றுமை துணைபுரிகிறது. மருந்தியல் நிறுவவேண்டிய தொடர்பை இங்குச் சொல்லே நிறுவிவிடுகிறது.

பிற இந்திய மொழிகளின் நிலையும் ஒப்புநோக்கத்தக்கது. வடமொழி மருத்துவ நூல்கள் ஆமவாதம், சந்திவாதம், வாதரத்தம் என வேறுபடுத்துகின்றன. இந்தியின் பொதுவழக்குச் சொல்லாகிய ‘கட்டியா’, முடிச்சைக் குறிக்கும் ‘காண்ட்’ என்பதனோடு தொடர்புடையது. அங்குப் பெயரிடல் மூட்டின் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. யுனானி மருத்துவத்தின் ‘வஜா-உல்-மபாசில்’ என்னும் அரபுத்தொடர் ‘மூட்டுகளின் வலி’ எனவே பொருள்படும். தெலுங்கில் ‘கீள்ள நொப்புலு’ என்பதும், கன்னடத்தில் ‘கீலு நோவு’ என்பதும் அவ்வாறே உறுப்பையும் வலியையும் மட்டும் கூறுவன. ஆகவே, இந்திய மொழிகளில் காரணத்தாற் பெற்ற பெயர், தோற்றத்தாற் பெற்ற பெயர், உணர்ச்சியாற் பெற்ற பெயர் என மூவகைப் பெயரிடல் காணப்படுகிறது. தமிழில் வாதம் முதல் வகை. மூட்டுவலி மூன்றாம் வகை. முடக்கு என்பது நோயின் விளைவைக் கூறுவது. முடக்கறுத்தான் என்னும் கொடியின் பெயரில் ‘முடக்கு’ என்பதும் ‘அறுத்தல்’ என்பதும் இணைந்து, நோயும் அதன் நீக்கமும் ஒரே சொல்லுள் அமைந்துவிடுகின்றன. அம்மூலிகை சேர்ந்தது எனக் கூறும் விளம்பரம் வேறு உறுதி எதுவும் கூறவேண்டுவதில்லை.

ஆங்கிலத்தின் ‘ரூமாட்டிசம்’ என்னும் சொல்லுக்கு இணையாக வாதம் என்பதைக் கொள்வது அகராதிகளின் வழக்கம். இவ்விணையாக்கத்தில் கருதத்தக்க ஒன்று உண்டு. ‘ரூமா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுகுதல், நீரோட்டம் என்பது பொருள். தலையிலிருந்து இழியும் நீர் உடலெங்கும் பரவி நோய் விளைக்கிறது என்னும் பண்டைய ஐரோப்பிய மருத்துவக் கருத்தே இதன் அடிப்படை. பாரிசு நகர மருத்துவர் கியோம் த பையூ மறைந்த பின் 1642இல் வெளிவந்த அவருடைய நூலில் இச்சொல் மூட்டுநோயைக் குறிக்க ஆளப்பட்டது. ஐரோப்பியச் சொல் நீரை மூலமாகக் கொள்ள, தமிழ்ச்சொல் காற்றை மூலமாகக் கொள்கிறது. இரண்டு வேறுபட்ட உடற்கோட்பாடுகள் அகராதியில் ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்தப்பட்டுள்ளன. நோயாளியின் வலி ஒன்றாயிருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் சொல்லின் எல்லை இரண்டு மொழிகளிலும் ஒன்றன்று. ரூமாட்டிசம் என்பது பக்கவாதத்தை உள்ளடக்காது. வாதம் என்பது உள்ளடக்கும்.

3. சட்டத்தின் சொற்பட்டியல்

இவ்வெல்லை வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கலாக நிற்பதில்லை. தவறான மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்த இந்திய நாடாளுமன்றம் 1954இல் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டத்தை இயற்றியது. இச்சட்டத்தின் விளம்பரம் என்பதற்கான வரையறை மிக விரிவானது. அறிவிப்பு, சுற்றறிக்கை, மேல்சீட்டு, உறை ஆகியவற்றோடு, வாய்மொழியாகவும் ஒளி, ஒலி, புகை வாயிலாகவும் செய்யப்படும் அறிவிப்புகளும் அதனுள் அடங்கும். எனவே, மருந்துப் பொதியுள் வைக்கப்படும் துண்டுத்தாளும் விளம்பரமே.

அட்டவணையில் கண்ட நோய்களைக் கண்டறிதல், குணப்படுத்தல், தணித்தல், அவற்றுக்குச் சிகிச்சை அளித்தல், அவற்றைத் தடுத்தல் ஆகியவற்றுக்கு ஒரு மருந்தைப் பயன்படுத்தத் தூண்டும் விளம்பரத்தை இச்சட்டம் தடை செய்கிறது. அட்டவணையில் 54 நோய்நிலைகள் ஆங்கில அகரவரிசையில் தரப்பட்டுள்ளன. அவற்றுள் ரூமாட்டிசமும் ஒன்று. பக்கவாதம் முதலான செயலிழப்பைக் குறிக்கும் சொல்லும், இளம்பிள்ளை வாதத்தைக் குறிக்கும் சொல்லும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ஆங்கிலத்தில் மூன்று பதிவுகளாக விலகி நிற்பவை தமிழில் ‘வாதம்’ என்னும் ஒரே சொல்லின்கீழ் வந்து சேர்கின்றன.

நோய்ப்பெயரை வரையறுப்பதன் இன்றியமையாமையை இச்சட்டத்தின் வரலாறே காட்டுகிறது. யுனானி மருந்து நிறுவனமாகிய ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும், எந்தெந்த நோய்களைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது என்பதை அளவுகோல் எதுவும் வகுக்காமல் விதிகளுக்கு விட்டிருந்த சொற்றொடரைச் செல்லாது என அறிவித்தது. 1963ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் நோய்ப்பட்டியல் சட்டத்தின் அட்டவணையாகவே இணைக்கப்பட்டது.

மூட்டுவலி என்னும் சொல்லுக்கு நேரான பதிவு அட்டவணையில் இல்லை. ‘மூட்டுவலி தணியும்’ என்னும் தொடரும் ‘வாதநோய் தணியும்’ என்னும் தொடரும் வினையில் வேறுபடவில்லை. பெயரில் மட்டுமே வேறுபடுகின்றன. இவற்றுள் இரண்டாவதே அட்டவணைச் சொல்லை நேரடியாகத் தொடுவது. ஒரு விளம்பரம் வழக்கிற்கு உட்படும்போது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். மூட்டுவலி என்பதை ரூமாட்டிசம் என ஆக்கும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒரு நோய்க்கூற்றைச் சேர்த்தவராவார். வாதநோய் என்பதை மூட்டுகளின் வலி என ஆக்குபவர், மூலத்தில் உள்ள நோய்க்கூற்றை நீக்கியவராவார். முதலாமவர் விற்பவருக்கும் இரண்டாமவர் வாங்குபவருக்கும் தீங்கிழைக்கிறார். குற்றம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. அத்தீர்மானத்தைச் சொல்தேர்வினால் முன்னரே செய்துவிடாதிருத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை.

4. வினைமுற்று: குணமாகும், குணம் தெரியும், குணப்படுத்தும்

குணம் என்னும் வடசொல்லுக்குப் பண்பு, தன்மை என்பன முதற்பொருள். தமிழில் இது நோய் நீங்குதல் என்னும் பொருளையும் பெற்றுள்ளது. கன்னடத்தின் ‘குணவாகு’ என்னும் வினையும் இத்தகையதே. இந்தியில் இவ்விடத்தில் ‘டீக் ஹோனா’ என்னும் வேறொரு வினையே பொதுவாக வரும். விளம்பரத் தமிழில் இப்பெயருடன் துணைவினைகள் சேர்ந்து ஒரு படிநிலை உருவாகிறது.

(அ) மூன்றே நாளில் குணம் தெரியும்.
(ஆ) தொடர்ந்து தேய்த்துவர வலி குணமாகும்.
(இ) இத்தைலம் வாதத்தைக் குணப்படுத்தும்.

முதல் தொடரில் கூறப்படுவது முன்னேற்றத்தின் அறிகுறி மட்டுமே. இரண்டாவதில் நோய் நீங்குதல் கூறப்படுகிறது, ஆனால் வினை செயப்படுபொருள் குன்றியது, எழுவாய் ‘வலி’. தைலம் வினைமுதலாக நிற்கவில்லை. தேய்த்தல் என்னும் செயல் வினையெச்சமாக மட்டும் வருகிறது. மூன்றாவதில்தான் மருந்து வினைமுதலாகவும் நோய் செயப்படுபொருளாகவும் அமைகின்றன. இரண்டாம் தொடரமைப்பில் மருந்தின் பொறுப்பு இலக்கணத்திலேயே மறைகிறது. வலி நீங்கவில்லையெனில் ‘தொடர்ந்து தேய்த்துவர’ என்னும் நிபந்தனை நிறைவேறவில்லை எனலாம். ஆங்கிலத்தில் இதனை மூன்றாம் தொடர்போல் ஆக்கினால் கூற்று மிகும். முதல் தொடர்போல் ஆக்கினால் கூற்று குறையும்.

காலம் பற்றிய சிக்கலும் உண்டு. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று எதிர்காலத்தையும், என்றும் உள்ள இயல்பையும் ஒருங்கே உணர்த்தவல்லது. ‘நாளை மழை பெய்யும்’ என்பது எதிர்பார்ப்பு. ‘கார்த்திகையில் மழை பெய்யும்’ என்பது பொது உண்மை. ‘வலி குணமாகும்’ என்னும் தொடர் இவ்விரண்டனுள் எது? வாசிப்பவர் இதனை இயல்பு கூறும் பொது உண்மையாகக் கொள்கிறார். கேள்வி எழுமாயின் விற்பவர் இதனை எதிர்பார்ப்பாக விளக்கலாம். ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் இருவேறு வினைவடிவங்களைக் கொண்டது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்ந்ததோடு அமையாமல், மூலம் இருபொருள் தருவது என்பதையும் குறிப்பில் பதிவு செய்தல் முறையாகும்.

‘நிவாரணி’ என்பதும் இவ்வகைச் சொல்லே. வடமொழியில் நிவாரணம் என்பதற்குத் தடுத்தல், விலக்கல் என்பன பொருள். தமிழில் வெள்ள நிவாரணம் என்னும்போது துயர்தணிப்பு உதவி எனப் பொருள்படுகிறது. ‘வலி நிவாரணி’ என்பது வலியைத் தணிப்பது. ‘சர்வரோக நிவாரணி’ என்பதோ எல்லா நோயையும் அறவே நீக்குவது. ஒரே சொல் முன்னொட்டிய சொல்லுக்கேற்பத் தணித்தலாகவும் நீக்கலாகவும் மாறுகிறது. சட்டம் குணப்படுத்தலையும் தணித்தலையும் வேறு வேறாகவே எண்ணியுள்ளது.

5. அளவை அடைகள்

வினாப்பெயரோடு ‘உம்’ சேர்ந்து முற்றுப்பொருள் தருவது தமிழ் இலக்கணத்தின் பொதுவிதி. ‘எப்பேர்ப்பட்ட வாதமும்’, ‘எத்தனை ஆண்டு நாள்பட்ட வலியும்’ என்னும் தொடர்கள் இவ்விதியால் விலக்கின்றி அனைத்தையும் உட்கொள்கின்றன. ‘அடியோடு’, ‘பூரணமாக’, ‘நிரந்தரமாக’ என்னும் அடைகள் வினையின் முழுமையைக் கூறுவன. ‘கைகண்ட’ என்னும் அடை அனுபவத்தைச் சான்றாக்குகிறது. யாருடைய கை, எத்தனை பேரிடம் கண்டது என்பவை தொடரில் வெளிப்படா. பெயரெச்சம் எழுவாயின்றியே நிற்க வல்லது என்பதால் இம்மறைப்பு இயல்பாகவே நிகழ்கிறது.

இவற்றின் விளைவு உடலைச் சார்ந்தது. ‘எவ்வகை வாதமும் குணமாகும்’ என்பதை நம்பும் குடும்பத்தில் ஒருவருக்குத் திடீரென ஒரு கை செயலிழந்தால், அதுவும் ‘வாதமே’. குருதிக்கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தோன்றிய ஏறத்தாழ நாலரை மணி நேரத்துக்குள் தரப்படவேண்டியது. தைலம் தேய்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பாகும். முடக்குவாதத்திலும் தொடக்க மாதங்களில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் மூட்டழிவைப் பெருமளவு தடுக்கலாம். தொண்டையில் ஏற்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் பின்விளைவாகிய வாதக் காய்ச்சல், சிறுவரின் மூட்டில் வலியாகத் தோன்றினும், நிலையாகத் தாக்குவது இதய வால்வுகளையே. மூட்டுவலி மறைந்ததும் ‘குணம்’ எனக் கொண்டால் இதயநோய் கவனிக்கப்படாமற் போகும்.

‘மூலிகை’ என்னும் சொல் தரும் உட்பொருளும் இங்குக் கருதத்தக்கது. மூலிகை எனில் பக்கவிளைவு இல்லை என்பது வாசகரின் ஊகம். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்ததைக் கண்டது. மூட்டுவலிக்கெனக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங் என்னும் துணையுணவில், மேல்சீட்டில் குறிக்கப்படாத டைக்ளோபினாக், டெக்சாமெத்தசோன் என்னும் மருந்துகள் இருந்ததாக 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பின்னது ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் விரைவில் தணிக்கும். நீண்டநாள் உட்கொண்டால் சர்க்கரை கூடும், எலும்பு நலியும். திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. ஆகவே, இத்தகைய கலப்புள்ள மருந்தில் ‘மூன்றே நாளில் குணம் தெரியும்’ என்பது பொய்யாகாமலே போகலாம். தெரிவது உண்மை, நோய் நீங்கியது உண்மையன்று. குணம் என்னும் ஒரு சொல் இவ்விரண்டையும் மூடிநிற்கிறது.

6. பொருட்பெயர்: காப்பும் கவசமும்

அஞ்சல்வழி விற்கப்படும் வாத நிவாரணப் பொருள்களுள் செப்பு வளையமும் காந்தப்பட்டையும் அடங்கும். தமிழில் செப்பு வளையத்தைச் ‘செப்புக் காப்பு’ எனலாம். காப்பு என்பது கையணி. காவல் என்பதும் அதன் பொருளே. பொருளின் பெயரைக் கூறிய அளவிலேயே அதன் பயன் உறுதியாகிவிடுகிறது. இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளர் 70 பேரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, செப்பு வளையமும் காந்தப்பட்டையும் வலியையோ அழற்சியையோ குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை எனக் காட்டியது.

1954ஆம் ஆண்டுச் சட்டம் மாயத் தீர்வு என்பதை வரையறுக்கும்போது தாயத்தோடு ‘மந்திர’, ‘கவச’ என்னும் இந்தியச் சொற்களையும் ஆங்கில வாசகத்திலேயே சேர்த்துள்ளது. தமிழாக்குபவருக்கு இச்சொற்கள் எளியனவாகத் தோன்றும். ஆனால் தமிழில் கவசம் என்பது போர்க்கருவி, பக்திப்பாடல் வகை, காவல்பொருள் என மூன்றையும் குறிக்கும். சட்டம் கருதுவது மூன்றாவதை மட்டுமே. ‘கவசத் தகடு’ எனத் தெளிவுபடுத்துவது பொருந்தும். காப்பு என்பதை ஆங்கிலமாக்கும்போதோ கையணி என்னும் பொருளை மட்டும் தந்தால் உட்கிடையான காவற்பொருள் நழுவும். விளம்பரத்தின் பிற தொடர்களில் அப்பொருள் வலியுறுத்தப்பட்டிருப்பின் அதனைக் குறிப்பால் உணர்த்தல் வேண்டும்.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகளை வகுக்கலாம்.

(1) ரூமாட்டிசம் என்னும் பொதுச்சொல்லைத் தனித்த ‘வாதம்’ என்பதால் ஆக்காமல், ‘மூட்டு, தசை வாத நோய்கள்’ என உறுப்பைச் சேர்த்து ஆக்குதல் நன்று. பக்கவாதம் இதில் அடங்காது என்பது அதனால் விளங்கும்.

(2) முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், யூரிக் அமில மூட்டுநோய், வாதக் காய்ச்சல் ஆகியவற்றை ஒரே சொல்லால் வழங்குதல் கூடாது. கீல்வாதம் என்னும் சொல்லை ஆள்வோர் எந்நோயைக் கருதுகின்றனர் என்பதை முதல் இடத்திலேயே வரையறுத்தல் வேண்டும்.

(3) தன்வினையைப் பிறவினையாகவோ பிறவினையைத் தன்வினையாகவோ மாற்றலாகாது. இலக்குமொழியில் அது தவிர்க்க இயலாதாயின் குறிப்பு எழுதுதல் வேண்டும்.

(4) குணம், நிவாரணம், தீர்வு என்னும் சொற்களைத் தணித்தல், நீக்கல் என்னும் இரண்டனுள் ஒன்றாகக் கொள்ளுமுன் தொடர் முழுவதையும் நோக்குதல் வேண்டும்.

(5) நலவாழ்வுத் துறையின் அறிவிப்புகளைத் தமிழாக்குவோர், நோய்ப்பெயரை அடுத்து அறிகுறியையும் கூறுதல் இன்றியமையாதது. ‘பக்கவாதம்’ என்பதோடு ‘ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல்’ எனச் சேர்த்தால் வாசிப்பவர் அதனை மூட்டுவாதத்தோடு மயங்கார்.

விளம்பரம் வெளியிடுவதில் எவ்வகைப் பங்கும் கொள்ளலாகாது என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். அச்சிடுதலையும் அது பங்காகவே வரையறுக்கிறது. மொழிபெயர்ப்பாளரை அது பெயர் குறித்துச் சுட்டவில்லை. ஆயினும், ஒரு மொழியில் எழுதப்பட்ட உறுதிமொழியை மற்றொரு மொழியினரிடம் கொண்டு சேர்ப்பவர், அச்சிடுபவரைக் காட்டிலும் அதன் உள்ளடக்கத்தை நன்கறிந்தவர் ஆவார்.

8. முடிவுரை

வாத வலிக்கான அஞ்சல்வழி மருந்து விளம்பரங்களின் ஆற்றல், பெரும்பாலும் அப்பட்டமான பொய்யினால் அமைவதன்று. வகைப்பெயரை நோய்ப்பெயராக வழங்குதல், வினைமுதலை மறைத்தல், காலம் தெளிவுறாத முற்றை ஆளுதல், விலக்கற்ற அளவை அடைகளைச் சேர்த்தல், பயனை உட்கொண்ட பொருட்பெயரைத் தேர்தல் என்னும் ஐந்து வாயில்களால் அஃது அமைகிறது. இவை ஐந்தும் தமிழின் இயல்பான இலக்கணக் கூறுகளே. தம்மளவில் குற்றமுடையன அல்ல. வினவவும் விடைபெறவும் வாய்ப்பில்லாத இடத்தில் அவை ஆளப்படும்போதே தீங்கு விளைகிறது. மருத்துவக் கலைச்சொற்களைத் தரப்படுத்தும் முயற்சிகள் வல்லுநர் நூல்களோடு நில்லாமல், துண்டுத்தாள், மேல்சீட்டு, உறை ஆகியவற்றின் மொழியையும் கருத்தில் கொள்ளவேண்டும். மருந்தைப் பற்றி ஒரு நோயாளி படிக்கும் தமிழ் பெரும்பாலும் அவற்றில் உள்ளதே.